சொல்லாமல் ஓட்டிவந்த மாடுகள்

பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவராக வரப்போகிறவரோடு ஒரே பஸ்ஸில் மலையேறக் கூடாது. மேடையில் கொட்டுவதற்கென்று சேர்த்துவைத்த கோபமெல்லாம் வழியிலேயே கரைந்துபோய்விடும். வத்தலக்குண்டில் நான் பஸ் ஏறியபோது, புலவர் எனக்காக ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவைத்துவிட்டுத் தாம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் நகர்வதற்குள் ஒரு வாழையிலைப் பொட்டலம் பின்னால் வந்தது. பிரித்தால் இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். இன்னும் இரண்டு நாளில் இந்த மனிதரைச் சபையில் நிறுத்திவைத்துத் தோலை உரிக்க வேண்டும். இட்லியோ வாயில் வைத்ததும் கரைந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்கு ஊர் தமிழ் மன்றம் இருந்த காலம். கோடைக்கானலில் சீசன் கூட்டம் சேர்ந்ததும் அங்குள்ள மன்றத்தார் வெளியூர்ப் பேச்சாளர்களைக் கூப்பிட்டு விழா நடத்துவார்கள். நான் கும்பகோணத்தில் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புலவர் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். தனியாகவா மலைக்குப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை, எதிரணியும் கூட வருகிறது என்றேன்.

அந்த வருஷத்துத் தலைப்பு, பகைவர் மாட்டைக் கவர்ந்து வந்தது அறமா, களவா என்பது. பழைய போர்ப் பாட்டுகளில் யுத்தம் மாட்டில்தான் தொடங்கும். வெட்சிப் பூவைச் சூடிக்கொண்டு போய், விடிவதற்குள் பகைவன் மந்தையை வளைத்து ஓட்டிவந்துவிடுவார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரர்கள் கரந்தைப் பூவைச் சூடிக்கொண்டு மீட்க வருவார்கள். மதில், யானை, அம்பு மழை எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பாட்டுகளுக்கு உரைகாரர்கள் ஒரு சமாதானம் எழுதிவைத்திருக்கிறார்கள். போர் வரப்போகிறது, விலகிப் போங்கள் என்று மனிதர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடலாம். பசுவுக்கு எப்படி அறிவிப்பது? வாயில்லா ஜீவனுக்குச் சொன்னால் புரியாது. அதனால் அம்பு படாத இடத்துக்கு அதை ஓட்டிவந்து காப்பாற்றினார்கள். ஆகவே அது களவு இல்லை, அறம். புலவர் கட்சி இதுதான். எனக்கோ அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். பக்கத்து வீட்டுக்காரி என் பசுவை அவிழ்த்துக்கொண்டு போய்த் தன் கொட்டிலில் கட்டிவிட்டு, உங்கள் வீட்டுக் கூரை இடிந்து அதன் மேல் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் ஓட்டிவந்தேன் என்றால் நான் நம்புவேனா? திருடியதைத் திருட்டு என்று சொல்ல ராஜாவுக்குப் பயந்த உரை அது என்பது என் கட்சி. இதைச் சொல்லி எத்தனையோ மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

பஸ் மலையில் மூச்சிரைக்க ஏறியது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. கீழே வத்தலக்குண்டில் விசிறிக்கொண்டிருந்த புலவர் பாதி மலையிலேயே மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, குரல் போய்விட்டால் மன்றத்தாருக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் வெற்றிலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கினாள். எந்த வளைவிலும் கூடை சரியவில்லை.

எங்களுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவர் பெயர் சின்னச்சாமி. ஐம்பது வயதிருக்கும். மலையில் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் போடுகிற சம்சாரி. அவர் காலுக்கு நடுவில் சாக்கில் சுற்றிய டின் ஒன்றும் கையால் அடிக்கிற பம்பு ஒன்றும் இருந்தன. சாக்கு விலகிய இடத்தில் மண்டை ஓட்டுப் படம் தெரிந்தது. மூக்கைத் துளைக்கிற நாற்றம். கண்டக்டர் இரண்டு தடவை முறைத்துவிட்டுப் போனார். புலவர் என்னவென்று விசாரித்தார். கிழங்குச் செடியைப் புழு வெட்டுவதாகவும் அதற்கு அடிக்கிற மருந்து என்றும் அவர் சொன்னார். நாங்கள் வழி நெடுக மாட்டைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்ததை ரசித்துக் கேட்டார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனதற்கெல்லாமா பாட்டுக் கட்டினார்கள் என்று மட்டும் ஒரு முறை கேட்டுச் சிரித்தார்.

பெருமாள்மலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் பஸ் நின்றது. முந்தின ராத்திரி மழையில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. டிரைவர் இறங்கி அதைச் சுற்றி வந்தார். பிறகு, எப்படியும் நிற்கிறோம் என்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். மரம் அறுக்க ஆள் வந்து சேர நாளைக்கு ஆகிவிடும் என்றார் கண்டக்டர். பஸ் திரும்பிக் கீழே போகப் போகிறது என்றதும் புலவர் முகம் வாடியது.

சின்னச்சாமி டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"இந்தா தெரியிற பள்ளத்துக்கு அங்கிட்டுத்தாங்க நம்ம ஊரு. ராத்திரிக்கு இருந்துட்டு, நாளைக்கு முட்டைக்கோசு லாரியில ஏத்தி விட்டுர்றேன். நம்ம சோலி கெடக்கட்டும், நீங்க வாங்க."

அவர் விரலைக் காட்டிய இடத்தில் பள்ளத்தாக்கின் மறு சரிவு படிப்படியாக வெட்டிய வயல்களோடு தெரிந்தது. மேலே பத்துப் பன்னிரண்டு வீடுகள். வெகு கீழே இன்னொரு கொத்து வீடுகள், புல்வெளி, மேய்கிற மாடுகள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் தூரம் என்றால் கண்ணுக்குத் தெரியாத தூரம். மலையில் கண்ணுக்கு எதிரே நின்றுகொண்டே ஆளை ஏமாற்றுகிறது.

சின்னச்சாமியின் சம்சாரம் மூக்கம்மாள் பூண்டுக் குழம்பு வைத்திருந்தாள். பூண்டு என்றால் தாளிக்கிற பூண்டு அல்ல. கத்தரிக்காய் போடுகிற மாதிரி முழுசு முழுசாகப் பூண்டு. கூடவே நெருப்பில் சுட்ட உருளைக்கிழங்கும் உப்பும். புலவர் மூன்றாம் தடவை சோறு வாங்கினார். நான் இரண்டு தடவையோடு நிறுத்தியது கும்பகோணத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான்.

மூக்கம்மாளோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக் கதை வந்தது. கீழே நாங்கள் பார்த்த ஊரில்தான் சின்னச்சாமியின் கூடப்பிறந்த தங்கை வெள்ளையம்மாள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அண்ணன் சீராகக் கொடுத்த கிடாரிக் கன்று ஒன்று பெருகி இப்போது ஒரு சின்ன மந்தையாகிவிட்டது. கணவன் இறந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு அந்த மாடுகள்தாம் ஆதாரம். இரண்டு வருஷத்துக்கு முன் அவை மேலேறி வந்து அண்ணனுடைய பட்டாணியை மேய்ந்துவிட்டன. பிறந்த வீட்டுப் பங்கை மாட்டை விட்டு வாங்குகிறாயா என்று அவர் கேட்டுவிட்டார். இனி உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அவள் போய்விட்டாள். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. ஒரு சாவு வீட்டில் பார்த்துக்கொண்டபோதுகூட இருவரும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்களாம்.

மறுநாள் காலை மணிச் சத்தம் கேட்டு எழுந்தேன். வெளியே பனி இன்னும் விலகவில்லை. சின்னச்சாமியும் உடன் இரண்டு ஆட்களும் மாடுகளை மேட்டில் ஓட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நனைந்த உடம்பிலிருந்து ஆவி பறக்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவை வீட்டுப் பக்கத்துத் தொழுவத்துக்குள் நுழைந்தன. கடைசியில் வந்த பசு நிறைமாதச் சினை. அதை ஓட்டவில்லை, தடவிக்கொடுத்துக் கூட்டிவந்தார்கள். குறுக்குக் கழிகள் செருகப்பட்டன.

யாருடைய மாடு என்று மூக்கம்மாளைக் கேட்டேன். நாத்தனாருடையது என்றாள். வயலில் மேய்ந்ததா என்றேன். இல்லை, அவளுடைய கொட்டிலிலிருந்தே அவிழ்த்து வந்தார்கள் என்றாள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. பயிரை மேய்கிற மாட்டைப் பிடித்துவந்து கட்டிவைக்கிற உரிமை இந்த மலையில் எல்லாருக்கும் உண்டு. பயிரைத் தொடாத மாட்டைக் கொட்டிலிலிருந்தே ஓட்டிவந்தால் மலைச் சட்டப்படியும் அது திருட்டுத்தான். நான் உள்ளே போய், கம்பளிக்குள் முடங்கிக் கிடந்த புலவரை எழுப்பி, உங்கள் அறத்தை வந்து கண்ணால் பாருங்கள் என்று கூட்டிவந்தேன். அவர் தொழுவத்தைப் பார்த்தார், சின்னச்சாமியைப் பார்த்தார், மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பட்டிமன்றத்துக்கு முதல் நாளே ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு நல்ல காப்பி வேண்டியிருந்தது. கிடைத்தது கருப்பட்டி போட்ட வரக்காப்பி. எதிரே ஒரு பித்தளைச் செம்பு நிறைய, இப்போதுதான் கறந்த பால் நுரையோடு இருந்தது. மூக்கம்மாள் அதை இலையால் மூடித் தொழுவத்துச் சுவர் மேல் வைத்துவிட்டாள். ஓட்டிவந்த மாட்டின் பாலை ஓட்டிவந்தவர்கள் குடிக்கக் கூடாதாம். மடி கட்டிக்கொள்ளுமே என்று கறப்பதோடு சரி. குடித்தால் சொந்த மாட்டின் மடி வற்றிவிடும் என்றாள். பாலைப் பார்த்துக்கொண்டே வரக்காப்பி குடிப்பது கும்பகோணத்துக்காரிக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

வெயில் ஏறியதும் காரணம் தெரிந்தது. ஆட்கள் இருவரும் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, அந்த மண்டை ஓட்டு டின் மருந்தைக் கரைத்து, கீழ் வயலில் மருந்தடிக்கத் தொடங்கினார்கள். வயல் ஓரத்துப் பட்டாணிக் கொடியில் ஆரம்பித்து, உள்ளே கிழங்குச் செடிக்குப் போனார்கள். நாற்றம் காற்றோடு வந்து தொண்டையைக் கமற வைத்தது. வெள்ளையம்மாளின் மாடுகள் மேயக் கிளம்பினால் அந்தப் பட்டாணிக்குத்தான் முதலில் வரும். வேலி கிடையாது.

புலவர் சின்னச்சாமியிடம் மெதுவாகக் கேட்டார், இதற்காகத்தான் ஓட்டிவந்தீர்களா என்று.

"பெறகு என்னங்க. போன மாசம் அடுக்கம் ஊருக்குப் போற வழியில மருந்தடிச்ச செடியத் தின்னு ரெண்டு மாடு நொர தள்ளிச் செத்துக் கெடந்துச்சு. வாயில்லாச் சீவன். அதுக்கு என்னத்தத் தெரியும்?"

புலவர் என் பக்கம் திரும்பினார். உரைகாரர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் ஒரு கிழங்கு வயல் சம்சாரி சொல்லக் கேட்ட மனிதர் எதற்குப் பேச வேண்டும்? நான் இத்தனை வருஷம் கைதட்டு வாங்கிய வாதம் தொழுவத்துக்குள் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் நான் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவள் அல்ல. தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா, மாட்டைக் கட்டிப்போடு என்று சொன்னால் தீர்ந்ததே என்று கேட்டேன். பேச்சு வார்த்தை இல்லை என்றார். வேறு ஆளை விட்டுச் சொல்லலாமே என்றேன். போன வருஷம் பூண்டுக் காட்டுக்கு மாடு வந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாராம். அவள் மறுநாளே வேண்டுமென்றே அவிழ்த்து விட்டாளாம். இப்போது விஷம் என்று சொல்லி அனுப்பினால் மிரட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் முன்னால் ஓட்டிவிடுவாள் என்றார். நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பி, செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் மேட்டில் ஏறி வருவது தெரிந்தது.

வெள்ளையம்மாள் ஒல்லியான, உயரமான பெண். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு வந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. தொழுவத்துக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சின்னச்சாமி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடுகள் அவள் குரலை எதிர்பார்த்துக் காதை விடைத்தன.

புலவர் முன்னால் போய், அம்மையீர் என்று ஆரம்பித்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நான் போய், சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். வயலில் இப்போது அடிப்பது விஷம், இப்போது ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே வாய் வைத்துவிடும், அதற்காகத்தான் ஓட்டிவந்திருக்கிறார் என்றேன். அவள் துண்டு கட்டிய ஆட்களைப் பார்த்தாள். மாடுகளுக்கு முன்னால் கிடந்த பசும்புல்லைப் பார்த்தாள். சுவர் மேல் மூடியிருந்த பால் செம்பையும் பார்த்தாள். சினைப் பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, பசுவிடம் பேசினாள்.

"கேட்டியாடி லச்சுமி. ஒனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு விடியுமுன்ன வந்து கூட்டியாந்திருக்காக. ஒன்னய வளத்தவளும் ஒரு சீவன் தான. அவ எந்திரிச்சு வந்து வெறுந் தொழுவத்தப் பாத்தா என்ன ஆவான்னு ஒருத்தரும் நெனைக்கல."

சின்னச்சாமி இன்னொரு மாட்டின் முதுகைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"ஏ செவல, சொல்லி விட்டா கேக்குற ஆளாடி அவ?"

"மெரட்டிச் சொன்னா அவுத்துத்தான் விடுவாக. மனுசருக்குச் சொல்ற மாதிரி சொல்லிப் பாத்தாகளா, கேளுடி லச்சுமி."

அதன் பிறகு மாடுகள் வழியாகவே பேச்சு வார்த்தை நடந்தது. அடுத்த மழை பெய்து செடியைக் கழுவும் வரை மாடுகள் மேலேயே இருப்பது, தினம் பாலை வந்து எடுத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் தூது போகிறவர்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு தமிழாசிரியர்களும் தேவையில்லாமல் நின்றோம்.

வெள்ளையம்மாள் பால் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வரப்பு வழியாக இறங்கினாள். அவள் பிறந்து வளர்ந்த வயல் அது. சின்ன வயதில் அந்த வரப்பில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பாளோ. வெறும் கை தானாக நீண்டு, பட்டாணிக் கொடியைத் தடவிக்கொண்டே போயிற்று. அவளை அறியாமலே ஒரு காயைப் பறித்தது. காயை உரிப்பதற்குப் பல்லிடுக்கில் வைத்தாள். எனக்கு அது கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை.

"ஏ புள்ளே வெள்ளே, துப்பு. துப்பு புள்ளே."

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சின்னச்சாமி கழிகளைத் தாண்டிக் குதித்து, வரப்பையும் பார்க்காமல் செடியையும் பார்க்காமல் விழுந்தடித்து ஓடினார். அவள் கையிலிருந்த காயைத் தட்டிவிட்டார். செம்பு உருண்டு பால் முழுவதும் வரப்பில் ஓடியது. மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று ஓடைக்கு இழுத்துக்கொண்டு போய், தண்ணீரை அள்ளி அள்ளி அவள் வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். புலவர் மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. காய் பல்லில் பட்டதோடு சரி, உள்ளே போகவில்லை. இருந்தாலும் அவர் விடவில்லை. போதும் என்று அவள் கையை உருவிக்கொண்டபோது, அவர் அப்படியே ஓடைக்கரைச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மாட்டை நெனச்சேன், ஒன்னய நெனைக்கலையே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஐம்பது வயது மனிதர் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். இப்போது மாடு பக்கத்தில் இல்லை. அவள் அவரைப் பார்த்தே பேசினாள்.

"ரெண்டு வருசங் கழிச்சுப் பேசுன மொத வார்த்த இதானாண்ணே?"

அவர் அழுதுகொண்டே சிரித்தார். அவளும் சிரித்தாள். வாசற்படியை மிதிப்பதில்லை என்ற சபதத்தை அவள் மத்தியானமும் விடவில்லை. வெளியே கல்லில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அண்ணனும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கல்லில் உட்கார்ந்தார். குழம்பில் பூண்டு நேற்றைப் போலவே இருந்தது. என்னால் இரண்டாம் தடவை வாங்க முடியவில்லை.

சாயங்காலம் முட்டைக்கோசு லாரியில் எங்களை ஏற்றிவிட்டார்கள். டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம். புலவர் பின்னால் கோசு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். கோடைக்கானலில் இறங்கியபோது அவர் வேட்டியைப் பார்த்து மன்றத்துச் செயலாளர் பதறிப்போனார். வழியில் ஒரு போர்க்களத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்றேன்.

மறுநாள் விழா. ஸ்வெட்டரும் கம்பளியும் போர்த்திய கூட்டம். ஏரியில் படகு விட்டுவிட்டு நேரே வந்து உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர். புலவர் முதலில் பேசினார். தொழுவத்தைப் பற்றிச் சொன்னார், வாயில்லாச் சீவனைச் சொன்னார், உரைகாரர் உரைக்கு உயிருள்ள சாட்சி கிடைத்தது என்றார். நல்ல கைதட்டு. அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். பழைய வாதத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டிருந்தேன்.

உரைகாரர்கள் ராஜாவுக்குப் பயந்து எழுதினார்கள் என்று இதுவரை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மாட்டை ஓட்டிவந்தது காப்பாற்றத்தான், கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த உரையில் இரண்டு பாதி இருக்கிறது. சொன்னால் புரிகிறவர்களுக்குச் சொல், சொன்னால் புரியாததைத் தூக்கிக்கொண்டு போ. இதில் பின்பாதி மட்டும் எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது. மாட்டை ஓட்டிவர ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாம், மேட்டில் ஏறலாம், புல் போடலாம், பாலைத் தொடாமல் இருக்கலாம். பகையாகிப்போன மனிதரிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வது அத்தனையையும்விடக் கஷ்டம். அந்தக் கஷ்டமான பாதிதான் அறம். அதை விட்டுவிட்டு ஓட்டிவந்தால், எவ்வளவு அன்போடு ஓட்டிவந்தாலும், விடிந்து எழுந்து வெறும் தொழுவத்தைப் பார்க்கிறவளுக்கு அது களவுதான். பிறகு அந்தப் பட்டாணிக் காயைப் பற்றிச் சொன்னேன். தீர்ப்பு என் பக்கம் வந்தது. முதலில் கைதட்டியவர் புலவர்.

மன்றத்தார் மரியாதையாக நாலைந்து நாள் தங்க வைத்தார்கள். பேரிக்காய் தின்றோம், பனியில் நடந்தோம், புலவருக்குக் கடைசியில் சளி பிடித்தே விட்டது. இடையில் ஒரு நாள் நல்ல மழையும் பெய்தது. திரும்பும் பஸ்ஸில் அவருக்கு நான் ஜன்னலோரத்தில் துண்டு போட்டுவைத்தேன்.

பழைய இடத்துக்கு வந்தபோது அறுத்த மரத்தின் துண்டுகள் சாலையோரம் கிடந்தன. அங்கேயே டிரைவர் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் படிப்படியான வயல்கள் வெயிலில் தெரிந்தன. கீழே புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மழைக்குப் பிறகு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது. சினைப் பசுவின் பக்கத்தில் சின்னதாக ஏதோ துள்ளியது போலிருந்தது. என் கண்ணை நம்பிச் சொல்ல முடியாது.

அப்போது மேல் வயலின் பாறை மேல் ஒரு ஆள் வந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டார். பள்ளத்தாக்கு அந்தக் குரலை எங்கள் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தது.

"ஏ புள்ளே வெள்ளே. நாளைக்கு வெள்ளனே மேல் வயல்ல மருந்தடிக்கப் போறேன். மாட்டக் கட்டிப்போடு. நீயும் இந்தப் பக்கம் வராத."

புலவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மப்ளரைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டார். டிரைவர் தண்ணீர் ஊற்றி முடித்து ஏறி உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் கண்டக்டரிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். பதில் வர வேண்டும் என்றேன்.

வந்தது. வெகு கீழேயிருந்து, சின்னதாக, தெளிவாக.

"கேட்டுருச்சுண்ணே."